வாட்டிய ரொட்டியில் இயேசு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா

கேள்வி இதுதான்: ‘க்ளீ’ தொடரில், வாட்டிய சீஸ் சாண்ட்விச்சில் இயேசுவின் முகம் தெரிகிற எபிசோடை நீங்களும் அக்காவும் சேர்ந்து பார்த்தீர்கள். அது மதத்தைக் கேலி செய்கிறது என்று அக்காவுக்குக் கோபம். கடவுள் இல்லை என்று சொன்ன பையனைக் கடைசியில் சர்ச்சுக்குள் உட்கார வைத்துவிட்டார்களே என்று உங்களுக்கு எரிச்சல். தொடர் யார் பக்கம் நிற்கிறது?

இரண்டு பேரும் வசனத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது பாட்டுத் தொடர். இங்கே வழக்கு நடப்பது வசனத்தில், தீர்ப்பு வருவது பாட்டில். யார் எந்தப் பாட்டைப் பாடுகிறார்கள், அந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது என்று கவனித்தால், அந்த எபிசோடு நீங்கள் நினைப்பதைவிட நாத்திகத்தின் பக்கம் அதிகமாகச் சாய்ந்திருப்பது தெரியும். ஆனால் அது சாய்கிற விதத்தில் அக்காவும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ‘க்ளீ’ 2009 மே 19 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2015 மார்ச் 20 அன்று முடிந்தது. ஆறு சீசன், 121 எபிசோடு. ரயன் மர்ஃபி, பிராட் ஃபால்ச்சக், இயன் பிரென்னன் மூவரும் உருவாக்கியது. ஒஹாயோ மாநிலத்தின் லைமா என்ற ஊரில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, அதில் யாரும் மதிக்காத ஒரு பாட்டுக் குழு. அமெரிக்கப் பள்ளிகளில் அப்படிப்பட்ட குழுவுக்குத்தான் க்ளீ கிளப் என்று பெயர். வாரம் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பிரபலமான பாடல்களை அதற்குத் தகுந்தபடி பாடுவார்கள். நீங்கள் பார்த்தது இரண்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடு, ‘க்ரில்டு சீஸஸ்’. 2010 அக்டோபர் 5 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஃபால்ச்சக். தலைப்பே சீஸையும் ஜீசஸையும் ஒட்டவைத்த வார்த்தை விளையாட்டு.

இதில் இரண்டு கதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று சிரிப்பு, ஒன்று அழுகை. அக்கா பார்த்தது முதல் கதையை, நீங்கள் பார்த்தது இரண்டாவதை.

சிரிப்புக் கதையில் ஃபின் என்கிற, அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற பையன் சாண்ட்விச் வாட்டுகிறான். ரொட்டியின் கருகலில் இயேசு முகம். மீதியைத் தின்னாமல் வைத்துக்கொண்டு அதனிடம் வேண்டிக்கொள்கிறான். மூன்று வேண்டுதல்: ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும், காதலி ரேச்சலின் மார்பைத் தொட அனுமதி கிடைக்க வேண்டும், அணியின் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் இடம் தனக்குத் திரும்ப வர வேண்டும். மூன்றும் நடக்கிறது. இந்தச் சாண்ட்விச்சும் எழுத்தாளர் சும்மா கற்பனை செய்ததாக இருக்காது. ஃபுளோரிடாவில் ஒரு பெண்மணி 1994-இல் வாட்டிய சீஸ் சாண்ட்விச்சில் மரியாளின் முகம் தெரிவதாகச் சொல்லி, ஒரு கடி கடித்ததை அப்படியே பத்து வருடம் வைத்திருந்தார். 2004-இல் ஈபேயில் ஏலம் விட்டார். ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் 28,000 டாலர் கொடுத்து வாங்கியது. மேகத்தில் யானையும் சுவர்க்கறையில் முகமும் தெரிவது மனித மூளையின் பழக்கம். இரண்டு புள்ளி ஒரு கோடு கிடைத்தால் போதும், முகமாக்கிவிடும்.

அக்கா கவனிக்க வேண்டியது, ஃபின்னின் வேண்டுதல்கள் எப்படிப் பலித்தன என்பது. ஆட்டத்தில் ஜெயித்தது ஜெயித்ததுதான், யாரோ ஒருவர் ஜெயித்துத்தானே ஆக வேண்டும். யூதப் பெண்ணான ரேச்சல் சம்மதித்தது, நாளைக்குக் கல்யாணம் ஆனால் குழந்தைகளை யூத முறைப்படி வளர்க்கலாம் என்று ஃபின் ஒத்துக்கொண்டதால். இயேசுவிடம் வேண்டிக்கொண்டவனுக்கு யூத மதத்துக்கு வாக்குக் கொடுத்து வரம் கிடைக்கிறது! இந்த நகைச்சுவை பலருக்குப் பிடிபடாமலே போயிருக்கும். மூன்றாவது வரம்தான் கசப்பு. இவன் குவார்ட்டர்பேக் ஆக வேண்டுமென்றால் இருக்கிறவன் விழ வேண்டுமே. சாம் என்கிற பையன் ஆட்டத்தில் அடிபட்டு, தோள்மூட்டு விலகிப் போகிறான். ஃபின் தன் வேண்டுதலால்தான் இப்படி ஆனது என்று குமைகிறான். பள்ளி ஆலோசகர் எம்மா, கடவுள் எத்தனையோ வழிகளில் வேலை செய்யலாம், ஆனால் நிச்சயமாகச் சாண்ட்விச் வழியாக இல்லை என்று மெதுவாகச் சொல்லிப் புரிய வைக்கிறார்.

ஆக, இங்கே அடி வாங்குவது எது? பேரம் பேசுகிற பக்தி. அதைச் சொன்னால் எந்தப் பாதிரியாரும் ஆமோதிப்பார். “இதைக் கொடு, பதிலுக்கு உன்னைப் பாடுகிறேன்” என்று ஃபின் நிஜமாகவே சொல்கிறான். ஜெயித்த மறுநாள் பாட்டு வகுப்பில் எழுந்து, இந்த வாரம் எல்லோரும் இயேசுவைப் போற்றிப் பாட வேண்டும் என்று கேட்கிறான். நேர்த்திக்கடன் கழிக்கிறானாம்.

அப்போது எழுந்து பாடுகிறவன் பக், யூதப் பையன். அவன் எடுப்பது பில்லி ஜோயலின் 1977-ஆம் வருடத்துப் பாட்டு. ஒழுக்கமான கத்தோலிக்கப் பெண்ணிடம் ஒருவன், நல்லவர்கள் சீக்கிரம் செத்துவிடுவார்கள், நீ ஏன் காத்திருக்கிறாய் என்று ஆசை காட்டுகிற பாட்டு. வெளிவந்த காலத்தில் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஜோயலும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான். பக் வாய்க்குப் பொருத்தமான பாட்டு.

இனி கனமான கதை.

கர்ட் ஹம்மல், தன்பாலீர்ப்பு கொண்ட பையன். அம்மா அவனுடைய எட்டு வயதில் இறந்துவிட்டார். அப்பா பர்ட், கார் மெக்கானிக், பேஸ்பால் தொப்பி போட்ட, அதிகம் பேசாத மனிதர். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு குடும்பமாகச் சாப்பிட வேண்டும் என்பது அவர் வழக்கம். கர்ட் இந்த வாரம் வேறு வேலை இருக்கிறது, ஒரு பாட்டுப் படத்தோடு சேர்ந்து பாடுகிற நிகழ்ச்சிக்குப் போகிறேன் என்கிறான். அப்பாவுக்கு வருத்தம். அடுத்து நாம் அவரைப் பார்ப்பது ஆஸ்பத்திரியில். இதயத்துடிப்பு தாறுமாறாகி, மூளைக்கு ரத்தம் போகாமல், நினைவில்லாமல் கிடக்கிறார். சாப்பிட வரமாட்டேன் என்றதுதான் கர்ட் அவரிடம் கடைசியாகப் பேசியது.

நண்பர்கள் எல்லோரும் உதவ வருகிறார்கள். தங்களுக்குத் தெரிந்த வழியில். பிரிட்டனி, தான் இதயத்தாக்கு பற்றி எழுதிய பள்ளிக் கட்டுரையை மருத்துவரிடம் கொடுக்கச் சொல்கிறாள். கிரேயானில் எழுதியதால் மார்க் குறைந்துவிட்டதாம். மெர்சிடீஸ் விட்னி ஹூஸ்டனின் ‘ஐ லுக் டு யூ’ பாடுகிறாள். எல்லாம் கைவிட்டபின் உன்னையே நோக்குகிறேன் என்று கடவுளைப் பார்த்துச் சொல்கிற பாட்டு. அற்புதமாகப் பாடுகிறாள். பாடி முடித்ததும் கர்ட், நன்றி, ஆனால் எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்கிறான்.

வகுப்பு உறைந்துபோகிறது. அவன் சொல்கிற காரணங்கள் இரண்டு வகை. ஒன்று காயம்: என்னை இப்படிப் படைத்துவிட்டு, நீயாகத் தேர்ந்தெடுத்துக்கொண்ட பாவம் இது என்று தன் அடியார்களை விட்டு என்னிடம் சொல்ல வைக்கிற கடவுள் என்ன கடவுள்? இன்னொன்று தர்க்கம்: நிலாவின் இருண்ட பக்கத்தில் ஒரு மாயத் தேநீர்க்கெண்டி மிதக்கவில்லை என்று உங்களால் நிரூபிக்க முடியாது, ஆனால் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பு குறைவு, இல்லையா? கெண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவன் அடுக்குவதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். கெண்டி பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுடையது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு பீங்கான் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால், அதை மறுக்கும் பொறுப்பு உங்களுடையதா என்று அவர் 1952-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கேட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களும் பார்க்கிற தொலைக்காட்சியில், பிரபலமான தொடரில், ரசிகர்கள் நேசிக்கிற ஒரு பதின்பருவப் பையன் வாயால் ரஸ்ஸல் வருகிறார். 2010-இல் இது சின்ன விஷயம் இல்லை.

ஏன் என்றால், அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதுவரை பார்த்த நாத்திகர்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. அதே ஃபாக்ஸ் சேனலில் 2004 முதல் 2012 வரை ஓடிய மருத்துவத் தொடரின் நாயகன் ஹவுஸ் மாதிரி: மகா புத்திசாலி, மகா கசப்பு, காலில் வலி, வாயில் விஷம். நம்பிக்கை இல்லாதவன் என்றால் ஏதோ அடிபட்டவன், சந்தோஷம் தெரியாதவன். நம் ஊர் வாசகருக்கு நாத்திகன் என்றதும் கருப்புச் சட்டையும் மேடையும் ஒலிபெருக்கியும் ஞாபகம் வரும், ஓர் இயக்கமும் கூடவே வரும். கர்ட்டுக்குப் பின்னால் இயக்கம் கிடையாது. வகுப்பில் அவன் ஒருவன்தான்.

பழைய அச்சிலான நாத்திகரும் எபிசோடில் இருக்கிறார்: தொடரின் வில்லியான சூ சில்வெஸ்டர், பள்ளியின் சியர்லீடர் குழுப் பயிற்சியாளர். பள்ளியில் மதப் பாட்டு பாடுகிறார்கள் என்று கர்ட்டைத் தூண்டிப் புகார் கொடுக்க வைப்பவர். சட்டப்படி அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அரசுப் பள்ளியே முன்னின்று பிரார்த்தனை நடத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல் சொன்னது, அடுத்த வருடமே பைபிள் வாசிப்புக்கும் தடை வந்தது. 2000-இல் டெக்சாஸ் பள்ளி ஒன்றில் கால்பந்தாட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபிப்பதையும் நிறுத்தியது. ஆனால் மாணவர் தானாக விரும்பி, தனக்குத் தோன்றிய பாட்டைப் பாடுவது வேறு கணக்கு. ஹேண்டல், பாக் ஆகியோரின் கிறிஸ்தவ இசை இல்லாமல் எந்தப் பள்ளிப் பாடகர் குழுவும் நடக்காது. 2022-இல், ஆட்டம் முடிந்து மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்த ஒரு பயிற்சியாளருக்குச் சாதகமாக அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது. கோடு எங்கே என்று அவர்களுக்கே இன்னும் தகராறு. தொடர் இந்தச் சட்டத்தில் அதிக நேரம் நிற்கவில்லை, நாமும் நிற்க வேண்டாம்.

சூ ஏன் அப்படி என்று எம்மா கேட்கும்போது வருகிற பதில்தான் முக்கியம். அவருடைய அக்கா ஜீனுக்கு டவுன் சிண்ட்ரோம். சின்ன வயதில் ஊரார் அக்காவைக் கேலி செய்வதைப் பார்த்து, அக்காவைச் சரியாக்கு என்று சூ ராத்திரி ராத்திரி ஜெபித்திருக்கிறார். ஒன்றும் மாறவில்லை. கற்பனையான ஆறுதலை நம்பச் சொல்வது கருணை ஆகாது, கொடுமை என்கிறார். அது திமிர் இல்லையா என்று எம்மா கேட்டால், நேர்மையாக மறுக்கிறவனைப் பார்த்து நீ நரகத்துக்குப் போவாய் என்பதைவிடவா என்று திருப்பிக் கேட்கிறார். அவர் வாயிலிருந்து கிண்டல் கலக்காமல் வருகிற அபூர்வமான பேச்சு. சூவாக வரும் ஜேன் லிஞ்ச் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடித்திருப்பார்.

பின்னொரு காட்சியில் சூ அதை ஜீனிடமே பேசுகிறார். கடவுள் தப்புச் செய்வதில்லை என்று நான் நம்புகிறேன் என்கிறாள் ஜீன். யாருக்காகச் சூ கடவுளைக் கோபித்துக்கொண்டாரோ, அந்த ஆளுக்கே கோபம் இல்லை. உனக்காக நான் ஜெபிக்கட்டுமா என்று கேட்கிறாள். சரி என்கிறார் சூ. ஜீனாக நடித்த ராபின் டிராக்கிக்கு நிஜத்திலும் டவுன் சிண்ட்ரோம். அதனால்தானோ என்னவோ, ‘பாவப்பட்ட புனிதை’ என்கிற சினிமா வாடை அந்தக் காட்சியில் அடிப்பதில்லை. சூ மனம் மாறவில்லை என்பதையும் பாருங்கள். அக்கா ஆசையாகக் கேட்டதை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

சரி, பாட்டுக்கு வருவோம். உங்கள் எரிச்சலுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

எபிசோடில் மொத்தம் ஏழு பாட்டு. மெர்சிடீஸ் கடவுளைப் பார்த்துப் பாடியது கர்ட்டைத் தொடவில்லை. ரேச்சல் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு ‘பாப்பா, கேன் யூ ஹியர் மீ’ பாடுகிறாள். 1983-இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் ‘யெண்டில்’ படத்தில் பாடியது, இறந்துபோன அப்பாவை இருட்டில் கூப்பிடுகிற யூதப் பெண்ணின் பிரார்த்தனை. பாட்டு உருக்கம்தான், ஆனால் சூழ்நிலையைப் பாருங்கள்: உயிரோடு கட்டிலில் கிடக்கிற இன்னொருவன் அப்பாவுக்காக, செத்துப்போன அப்பாவை அழைக்கிற பாட்டு! ரேச்சல், மெர்சிடீஸ், க்வின் மூவரும் பர்ட்டின் படுக்கையைச் சுற்றி நின்று ஜெபிப்பதைப் பார்த்து கர்ட் வெளியே போகச் சொல்கிறான்.

அவன் கோபத்தை மரியாதைக்குறைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஓர் ஆய்வு ஞாபகம் வருகிறது. 2006-இல் வெளிவந்தது, அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்தது. முன்பின் தெரியாத ஆட்கள் ஒரு பிரிவுக்காக ஜெபித்தார்கள், ஒரு பிரிவுக்கு ஜெபிக்கவில்லை. இவர்கள் இருவருக்கும் தங்களுக்கு ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாது. சிக்கல் வந்தவர்கள் முறையே 52 சதவீதம், 51 சதவீதம். மூன்றாவது பிரிவிடம், உங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லியே ஜெபித்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஆய்வு செய்தவர்களே, ஜெபத்துக்கு ஆள் கூப்பிடுகிற அளவுக்கு நம் நிலைமை மோசமா என்று நோயாளிகள் பயந்திருக்கலாம் என்றார்கள். பர்ட்டுக்கு நினைவு இல்லை, அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. கேட்டது கர்ட்டுக்கு. மூன்று பெண்கள் கட்டிலைச் சுற்றி நிற்பதை அவன் எப்படிப் புரிந்துகொண்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே இடத்தில் எழுத்தாளர் சறுக்கியதையும் சொல்லிவிட வேண்டும். ஜெபத்தை விரட்டிய கர்ட், தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியரை அழைத்துவந்து அப்பாவுக்கு அக்குபஞ்சர் ஊசி குத்த ஏற்பாடு செய்கிறான். அக்குபஞ்சர் சீன மருத்துவம், சீக்கியருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ‘ஏதோ கிழக்கத்திய விஷயம்’ என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தர்க்கம் பேசுகிறவனும் நெருக்கடியில் ஊசியைப் பிடித்துக்கொள்வான் என்று காட்ட நினைத்திருந்தால் அது நல்ல யோசனை. ஆனால் காட்சி சிரிப்புக்குப் போய்விட்டது.

அப்புறம் கர்ட்டின் முறை. வகுப்பில் எழுந்து, அம்மாவைப் புதைத்த நாளைச் சொல்கிறான். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அழுதுகொண்டே அப்பாவை நிமிர்ந்து பார்த்தானாம், ஏதாவது சொல்ல மாட்டாரா என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அந்தக் கை இருக்கிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது என்கிறான். பிறகு பீட்டில்ஸின் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாடுகிறான். 1963-இல் பொண்ணுங்களைக் கிறீச்சிட வைத்த துள்ளல் காதல் பாட்டு. அதை அவன் நடை தளர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்துப் பாடும்போது, அது அப்பாவுக்கு எழுதிய பாட்டாகவே மாறிவிடுகிறது. உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வேறொன்றும் வேண்டாம். கர்ட்டாக வரும் கிறிஸ் கோல்ஃபர் அழாமல் பாடியிருப்பதுதான் பார்ப்பவரை அழ வைக்கிறது.

நாத்திகனுக்கு எழுதப்பட்ட துதிப்பாடல் உலகில் அதிகம் இல்லை. ஃபால்ச்சக்கும் குழுவும் ஒரு காதல் பாட்டை எடுத்துத் துதிப்பாடலாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எபிசோடின் உச்சமும் அதுதான், மெர்சிடீஸின் பாட்டு இல்லை.

இப்போது சர்ச். மெர்சிடீஸ் அவனைக் கூட்டிப்போகிறாள். நல்ல தொப்பி போட்டுக்கொண்டு வரலாம் என்று ஆசை காட்டி. சபையிடம் கர்ட்டின் அப்பாவுக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு அவள் பாடுவது ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’. 1970-இல் சைமனும் கார்ஃபங்கலும் பாடிய பாட்டு. பால் சைமனுக்கு அந்தப் பாட்டின் பொறி கறுப்பினத்தவரின் சர்ச் இசையிலிருந்து கிடைத்தது. அடுத்த வருடம் அரீதா ஃபிராங்க்ளின் அதை மறுபடி சர்ச்சுக்கே கொண்டுபோய்விட்டார். மெர்சிடீஸ் பாடுவது அரீதா வழியில். ஆனால் பாட்டை வரி வரியாகக் கேளுங்கள். கடவுள் ஒரு இடத்தில்கூட வருவதில்லை. நீ சோர்ந்தால் நான் இருக்கிறேன், வெள்ளத்தின் மேல் பாலமாக நான் படுத்துக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்வது. சர்ச், பாடகர் குழு, அங்கி, கைத்தட்டல் எல்லாம் இருக்கிறது. பாட்டு மட்டும் நட்பின் பாட்டு. முதல் தடவை தன் கடவுளை அவன்மேல் பாடிய மெர்சிடீஸ், இரண்டாம் தடவை அவனால் வாங்கிக்கொள்ள முடிந்த பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவளும் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது வசனத்தில் எங்கேயும் சொல்லப்படவில்லை. நான் முதல் தடவை பார்த்தபோது இதைக் கவனிக்கவில்லை, நானும் உங்களைப் போலத்தான், ‘பிடித்துப் போட்டுவிட்டார்கள்’ என்று முணுமுணுத்தேன்.

வாழ்க்கை தனியாகச் சுமக்க முடியாதது, ஏதாவது ஒன்று உனக்குப் புனிதமாக இருக்க வேண்டும் என்கிறாள் மெர்சிடீஸ். கர்ட் அதை எடுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொல்கிற பதில், எபிசோடின் மையம்: கடவுளை நம்பவில்லை அப்பா, ஆனால் உங்களை நம்புகிறேன், நம் இரண்டு பேரையும் நம்புகிறேன், எனக்குப் புனிதம் அதுதான். அன்று நண்பர்கள் ஜெபிக்க விடாமல் தடுத்ததற்காக வருத்தமும் படுகிறான். அது அவர்கள் அவருக்காகச் செய்தது என்று இப்போது புரிகிறது. பேசிக்கொண்டே கையைப் பிடித்திருக்கிறான். அப்பாவின் விரல் அசைகிறது.

திரைக்கதையில் எது எதற்கு அடுத்து வருகிறது என்பது தற்செயல் இல்லை. ஜெபத்துக்கு அடுத்து விரல் அசைந்திருந்தால் அது வேறு கதை. தொலைக்காட்சியில் நூறு தடவை பார்த்திருக்கிறோம். இங்கே விரல் அசைவது நாத்திகன் தன் நம்பிக்கையை மாற்றாமல் சொன்ன பிறகு. அதற்காகக் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டதாகவும் இல்லை, ஏனென்றால் சர்ச் காட்சி அதற்கு முன்னால் நடந்துவிட்டது. ஜெபம் பலித்தது என்று அக்கா சொல்லலாம், மூளைக்கு ரத்தம் திரும்பியது என்று நீங்கள் சொல்லலாம். இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்த அளவு கவனம் ‘க்ளீ’யில் எல்லா வாரமும் கிடைக்காது, நம்புங்கள்.

மிச்சம் இரண்டு பாட்டு. ஃபின் பாடுகிற ‘லூசிங் மை ரிலிஜன்’ ஆர்.ஈ.எம். குழுவின் 1991-ஆம் வருடத்துப் பாட்டு. அந்தக் குழு ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தது. அமெரிக்கத் தெற்கில் ‘மதத்தைத் தொலைக்கிறேன்’ என்றால் பொறுமை போய்விட்டது, தாங்க முடியவில்லை என்று அர்த்தம். பாட்டு ஒருதலைக் காதலைப் பற்றியது. மத நம்பிக்கை போன பாட்டு என்று நினைத்துக்கொண்டு ஃபின் பாடுவது அவன் புத்திக்குச் சரியாகத்தான் இருக்கிறது. சாண்ட்விச்சில் இல்லாத முகத்தைப் பார்த்தவன், பாட்டில் இல்லாத அர்த்தத்தைப் பார்க்க மாட்டானா? கடைசிப் பாட்டு ‘ஒன் ஆஃப் அஸ்’, 1995-இல் ஜோன் ஆஸ்போர்ன் பாடியது. கடவுள் நம்மில் ஒருவராக, பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற யாரோ ஒருவராக இருந்தால் என்ன என்று கேட்கிற பாட்டு. எல்லோரும் வெள்ளை உடையில், கர்ட்டும் கூடவே. கேள்வியாகவே முடிகிற பாட்டு என்பதால் அவனுக்கு அதில் நிற்க இடம் இருக்கிறது. சூ பின்னால் நின்று பார்க்கிறார், தடுக்கவில்லை. ஃபின் மீதிச் சாண்ட்விச்சைத் தின்றுவிடுகிறான். எத்தனை நாள் ஆனதோ!

இதற்குப் பிறகு தொடர் இந்த விஷயத்தை எப்படி நடத்தியது என்றால், ஏற்ற இறக்கமாகத்தான். கர்ட்டின் நாத்திகம் பெரிதாகத் திரும்பப் பேசப்படவே இல்லை. கிறிஸ்துமஸ் எபிசோடுகளில் அவனும் உற்சாகமாகப் பாடுகிறான், அது இயல்புதான். மூன்றாம் சீசனில், 2012 பிப்ரவரியில், ‘காட் ஸ்குவாட்’ என்று ஒரு கிறிஸ்தவ மாணவர் குழு வருகிறது. வீட்டிலேயே படித்து வளர்ந்த, சடைமுடி வைத்த ஜோ என்ற பையன். காதலர் தினத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு காதலிக்குப் பாட்டுப் பாடிக் கொடுப்பார்கள். பாட்டுக் குழுவில் இருக்கிற சந்தானா என்ற பெண், என் காதலி பிரிட்டனிக்குப் பாடுவீர்களா என்று சோதிக்கிறாள். ஜோ யோசித்துவிட்டு, பாடுகிறான். இனிமையாக இருக்கிறது, ஆனால் எளிதாக முடிந்துவிடுகிறது. அதே சந்தானா பெண்ணைக் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் அவளைப் பாட்டி வீட்டைவிட்டு வெளியே போ என்று சொன்ன, முந்தைய நவம்பரில் வந்த காட்சியில் இருந்த வலி இதில் இல்லை. அந்தப் பாட்டி வில்லி கிடையாது, தனக்குத் தெரிந்த நியாயத்தில் நிற்கிற வயதான பெண்மணி. நம்பிக்கையால் ஒரு குடும்பம் உடைவது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு காட்சி போதும்.

அக்காவோடு அடுத்ததாக எதைப் பார்க்கலாம் என்றால், நான் இரண்டாம் சீசனின் 21-ஆவது எபிசோடைச் சொல்வேன். ஜீன் நிமோனியாவில் இறந்துவிடுகிறாள். இறுதிச் சடங்கு செய்யச் சூவுக்கு மனம் இல்லை, யாரும் வரமாட்டார்கள் என்கிறார். ஏற்பாட்டை எடுத்துச் செய்பவர்கள் ஃபின்னும் கர்ட்டும். அன்றைக்குச் சாண்ட்விச்சிடம் வேண்டிக்கொண்டவனும் ஜெபிக்க வந்தவர்களை விரட்டியவனும். ஜீனுக்குப் பிடித்த, மிட்டாய்த் தொழிற்சாலைக் கதையான ‘வில்லி வோங்கா’ படத்தை வைத்து, மிட்டாயும் வண்ணமுமாக மண்டபத்தை அலங்கரிக்கிறார்கள். பிள்ளைகள் பாடுவது அந்தப் படத்துப் பாட்டு, கற்பனையைப் பற்றியது. துதிப்பாடல் கிடையாது. சூ அஞ்சலி வாசிக்க எழுந்து, தொண்டை அடைத்து நிற்கும்போது, அவர் எதிரியாக நினைத்த பாட்டு வாத்தியார் வில் வந்து மீதியைப் படித்து முடிக்கிறார்.

நேரம் இருந்தால் ஆறாம் சீசனின் கல்யாண எபிசோடையும் பாருங்கள், 2015 பிப்ரவரியில் வந்தது. கர்ட்டுக்கும் அவன் காதலன் பிளெய்னுக்கும், சந்தானாவுக்கும் பிரிட்டனிக்கும் ஒரே மேடையில் கல்யாணம். ஒஹாயோவில் அப்போது சட்டம் இடம் கொடுக்காததால் இண்டியானாவில் ஒரு தானியக் களஞ்சியத்தில் நடத்துகிறார்கள். சந்தானாவின் பாட்டியும் வந்து உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்தை நடத்தி வைக்கிறவர் பாதிரியார் இல்லை, பர்ட்.